லாமலெரா: திமிங்கிலத்தைக் கொடுத்து மக்காச்சோளம் வாங்கும் ஊர்

கரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

லாமலெராவைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால் எல்லோரும் ஒரே படத்தில்தான் வந்து நிற்கிறோம். கரையோரக் கடல் சிவந்து கலங்கியிருக்க, முழங்கால் அளவு நீரில் நின்றபடி ஆண்கள் ஒரு திமிங்கிலத்தை அரிந்துகொண்டிருக்கும் படம் அது. அதைப் பார்த்ததும் கொடூரம் என்று முகம் திருப்பிக்கொள்பவர்களும் உண்டு, வீரம் என்று வியப்பவர்களும் உண்டு. அந்த இறைச்சி மறுநாள் எங்கே போகிறது என்று இரு சாராரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை முன்வைத்து இங்கே பேச விரும்புகிறேன்.

ஊரை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில், ஃபுளோரஸ் தீவுக்குக் கிழக்கே அடோனாரா, சோலோர் தீவுகளைத் தாண்டினால் லெம்பாத்தா வருகிறது. பழைய நிலப்படங்களில் அதற்கு லொம்ப்லென் என்று பெயர். அதன் தென்கரையில், லாபலேகாங் எரிமலையின் சரிவு கடலைத் தொடும் இடத்தில் லாமலெரா இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்கிறார்கள். சுலாவேசியின் லூவு பகுதியிலிருந்து புறப்பட்டு, இடையில் தங்கியிருந்த லெப்பான்பாத்தான் என்ற தீவைக் கடல்கொண்டதால் இங்கே வந்து ஒதுங்கியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களுடைய மரபுக்கதை. வந்தபோது நிலத்துக்கு உரியவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். வந்தவர்களுக்கு வாய்த்தது பாறைக்கரையும் கடலும்தான்.

ஆனால் அந்தக் கடல் சாதாரணக் கடல் அன்று. பசிபிக் பெருங்கடலின் நீர் தீவுகளுக்கிடையே புகுந்து இந்தியப் பெருங்கடலுக்கு இறங்கும் வழியில் சவு கடல் கிடக்கிறது. கரையை விட்டுச் சற்று விலகினாலே ஆழம் கிடுகிடுவென்று கூடிவிடுகிறது. தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் சத்துள்ள அடிநீர் மேலே எழுவதால் கணவாயும் மீனும் பெருகுகின்றன. ஆழத்தில் கணவாய் தேடும் விந்துத் திமிங்கிலங்கள் மேலே வந்து மூச்சுவிடுவது ஊர்க்கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரிகிறது. மே முதல் அக்டோபர் வரை நீளும் இந்தப் பருவத்தை அவர்கள் 'லெஃபா' என்கிறார்கள். மற்ற மாதங்களில் யாராவது திமிங்கிலத்தின் மூச்சைக் கண்டுவிட்டால் 'பலேயோ!' என்று கூவுகிறார்கள். அந்தக் கூவல் வீட்டுக்கு வீடு தாவி ஊரையே கரைக்கு இறக்கிவிடுகிறது.

படகின் பெயர் பெலெடாங். பத்து மீட்டர் அளவுள்ள அந்தப் படகில் இரும்பாணி கிடையாது. பலகைகளை மரமுளைகளே பிணைக்கின்றன. பாய், பனை இனத்து ஓலையால் முடைந்தது. படகின் முன்முனையான அணியத்துக்கு முன்னால் நீளும் மேடையின் நுனியில், ஈட்டி எறிபவரான லமாஃபா நிற்பார். அவர் கையிலுள்ள ஈட்டியை எறிந்துவிட்டு மேடையிலேயே நிற்பதில்லை. தன் உடல் எடை முழுவதும் இரும்பின் மேல் இறங்கும்படி, ஈட்டிக் கோலைப் பற்றிக்கொண்டு அவரும் கடலுக்குள் பாய்கிறார். பிறகுதான் கயிறு இழுபடத் தொடங்குகிறது.

ஆழ்கடல்

கரைவாசி ஐயா, நீங்கள் தொடங்கிய விதம் நன்றாக இருக்கிறது. நான் கடல் உயிரியல் படிப்பவள் என்பதால், அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கும் உயிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

விந்துத் திமிங்கிலத்தின் ஆண் 16 மீட்டர் வரை வளர்கிறது. பெண் சுமார் 11 மீட்டர். சினைக்காலம் ஓராண்டுக்கும் மேல். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெண்களும் கன்றுகளும் தாய்வழிக் கூட்டமாகவே வாழ்கின்றன. தாய் ஆழத்துக்கு இரை தேடப் போகும்போது கூட்டத்தின் மற்றப் பெண்கள் கன்றைக் காக்கின்றன. இத்தகைய உயிரினத்தில் ஒரு முதிய பெண்ணைக் கொல்வது, ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களில் ஒன்றைப் பிடிப்பதற்கு ஒப்பாகாது.

அதே நேரத்தில், உலகெங்கும் இவற்றின் தொகையைச் சரித்தவர்கள் லாமலெரா மக்கள் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கும் எந்திர எண்ணெய்க்கும் மெழுகுக்கும் இவற்றைத் துரத்தியவை ஐரோப்பிய, அமெரிக்கக் கப்பல்கள். இருபதாம் நூற்றாண்டில் சோவியத், ஜப்பானியக் கப்பல்களும் சேர்ந்துகொண்டன. இன்று உலகக் கடல்களில் எட்டு லட்சம் அளவில் இவை இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். லாமலெராவில் ஓராண்டில் பிடிபடும் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஐம்பதைத் தொட்டிருக்கிறது, பல ஆண்டுகளில் இருபதை ஒட்டி நின்றிருக்கிறது, சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்தோடு முடிந்திருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் இங்கே குழப்பம் வரக்கூடும். 1986-இல் நடைமுறைக்கு வந்த வணிகத் திமிங்கில வேட்டைத் தடை, பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்தின் முடிவு. இந்தோனேசியா அந்த ஆணையத்தில் உறுப்பு நாடு அன்று. ஆணையமும்கூடப் பழங்குடிகளின் பிழைப்புக்கான வேட்டையைத் தனியாக வைத்தே பார்க்கிறது. ஆனால் இந்தோனேசியாவின் 1999-ஆம் ஆண்டு அரசாணை திமிங்கிலங்களைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆக, ஊர் வழக்கமும் நாட்டுச் சட்டமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மரபு என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் விடையாகிவிடுமா என்பதுதான் என் ஐயம்.

பாக்நீரிணை

நான் படித்தவன் அல்லன். கட்டுமரமும் வள்ளமும் பார்த்து வளர்ந்த குடும்பம். லமாஃபா கையில் இருப்பதை 'ஈட்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நெய்தல் பாட்டுகளில் அதற்கு 'எறியுளி' என்றே ஒரு சொல் இருக்கிறது. கூரிய உளியைக் காய்ந்த மூங்கில் கழியில் பொருத்தி, பரதவர் பெருமீனை எறிந்ததாக அந்தப் பாட்டுகள் சொல்கின்றன. அங்கேயும் கழி மூங்கில்தான் என்று அறிந்தபோது இந்தச் சொல்லை இங்கே எடுத்துவைக்கத் தோன்றியது. இரு ஊருக்கும் உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. வேலை ஒன்றாக இருந்தால் கருவியும் ஒன்றுபோலவே அமைந்துவிடுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது பங்குக் கணக்கு. கடல் தொழிலில் சண்டை வருவதென்றால் அது கடலில் வராது, கரையில் பங்கு பிரிக்கும்போதுதான் வரும். வள்ளக்காரருக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று எங்கள் பக்கம் கறாராக வைத்திருப்போம். இத்தனை பெரிய உயிரை அவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்?

தீவுவழி

பாக்நீரிணை அண்ணா, நான் அங்கே நேரில் போய்ச் சில நாட்கள் தங்கியவன் என்பதால் இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். ஃபுளோரஸின் கிழக்குமுனையில் உள்ள லாரந்துகாவிலிருந்து படகேறி லெம்பாத்தாவின் தலைநகரான லெவோலெபாவுக்குப் போனேன். அங்கிருந்து சரக்கு லாரியின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களுக்கும் இடையில் உட்கார்ந்து தீவைக் குறுக்கே கடந்தேன். ஊர் வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு மூங்கில் பந்தல் கட்டி, கைநீள இறைச்சிக் கீற்றுகளைக் கருவாடாகக் காயவைத்திருந்தார்கள். கொழுப்புத் துண்டுகள் தனியாகத் தொங்கின. அவற்றிலிருந்து வெயிலில் உருகிச் சொட்டும் எண்ணெயைக் கீழே வரிசையாக வைத்திருந்த பாத்திரங்கள் ஏந்திக்கொண்டிருந்தன.

பங்கு என்பது அங்கே படகைக் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு பெலெடாங்கும் ஒரு குலத்தின் பெரிய வீட்டைச் சார்ந்தது. அதன் பங்குதாரர்கள் யார், யாருக்குத் திமிங்கிலத்தின் எந்தப் பகுதி என்பது தலைமுறைகளாக வரையறுக்கப்பட்டது. துடுப்புப் போட்டவர்களுக்கு ஒரு பங்கு, லமாஃபாவுக்கு ஒரு பங்கு, படகுத் தச்சருக்கு ஒன்று, எறியுளியை அடித்துக் கொடுத்த கொல்லருக்கு ஒன்று, பாய் முடைந்தவருக்கு ஒன்று. (நீங்கள் தந்த சொல்லையே எடுத்துக்கொண்டேன்.) மலைச்சரிவின் நிலத்துக்கு முதலில் உரியவர்களாகிய குலத்துக்கும் பங்கு போகிறது, அவர்களே பருவத் தொடக்கத்தில் மலைமேல் உள்ள திமிங்கில வடிவக் கல்லில் வழிபாடு செய்து, திமிங்கிலங்களை ஊர்க்கரைக்கு அழைப்பவர்கள். கைம்பெண்கள், பெற்றோர் இல்லாப் பிள்ளைகள், கடலுக்குப் போக முடியாத முதியவர்கள் ஆகியோருடைய வீடுகளுக்கும் இறைச்சி போய்விடுகிறது. ஒரு வீட்டில் பூசல் இருந்தாலும் அது கடலில் வந்து படகைத் தாக்கும் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். வேட்டை தவறினால் கருவியைச் சோதிக்கும் முன்பே லமாஃபாவின் வீட்டில் யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல் என்று கேட்கிறார்கள்.

ஆனால் கரைவாசி கேட்ட கேள்விக்கான விடையை நான் கடற்கரையில் பார்க்கவில்லை. வூலன்டோனி சந்தையில்தான் பார்த்தேன். லாமலெராவுக்குக் கிழக்கே கரையோரமாக நடந்தால் வரும் அந்த ஊரில் சனிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. லாமலெராப் பெண்கள் தலைச்சுமையாகக் கருவாடும், கடல்நீரைக் காய்ச்சியெடுத்த உப்பும், பவளக்கல் சுட்ட சுண்ணாம்பும் கொண்டுவந்திருந்தார்கள். மலையூர்ப் பெண்கள் மக்காச்சோளக் கதிர், வாழைப்பழம், மரவள்ளிக் கிழங்கு, வெற்றிலை, பாக்கு ஆகியவற்றோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சந்தைக்குப் பொறுப்பானவர் ஒவ்வொருவரிடமும் வரியைப் பொருளாகவே வாங்கிக்கொண்டு சுற்றிவந்து விசில் ஊதினார். அதுவரை ஒருவரும் ஒரு பொருளையும் மாற்றவில்லை. விசில் கேட்டதும் சந்தை முழுவதும் எழுந்து நடக்கத் தொடங்கியது.

என் அருகில் இருந்த லாமலெரா மூதாட்டி, உள்ளங்கை அகலக் கருவாட்டுக் கீற்று ஒன்றை எடுத்து மலையூர்ப் பெண்ணின் முன்னால் வைத்தார். மலையூர்ப் பெண் அதைத் தூக்கி, வளைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, மக்காச்சோளக் கதிர்களை ஆறு ஆறாக எண்ணி வைத்தார். ஆறு கொண்டது அங்கே ஓர் அலகு. அதற்கு 'முங்கா' என்று பெயர். மூதாட்டி ஒரு கதிரின் தோலை விரல் நுழையுமளவு விலக்கி மணி முற்றியிருக்கிறதா என்று பார்த்து, அதை மட்டும் திருப்பிக் கொடுத்தார். வேறு கதிர் வந்தது. இருவரும் பேசிக்கொண்டது நான்கைந்து சொற்கள்தான். நான் ஆசைப்பட்டு அதே கீற்றுக்கு ரூபியாத் தாளை நீட்டியபோது, மூதாட்டி என் கையை மெல்ல விலக்கிவிட்டு, தன் கூடையில் இருந்த சோளக் குவியலைத் தட்டிக் காட்டினார். பணத்தைக் கொண்டு அன்றிரவு அவர் வீட்டில் எதைச் சமைக்க முடியும்?

ஆழ்கடல்

தீவுவழி அண்ணா, நீங்கள் எழுதிய சந்தையைப் படித்தபின் என் கேள்வியின் ஒரு பகுதியை நானே திருத்திக்கொள்கிறேன். கடலோரத்தில் விளைச்சல் இல்லை, மலையில் இறைச்சி போதவில்லை. திமிங்கிலம் இந்த இரண்டையும் இணைக்கும் நாணயமாக இருக்கிறது. வேட்டை நாளை நின்றால் லாமலெராவின் பட்டினியோடு மலையூரின் இறைச்சிக் குறையும் சேர்ந்தே வரும்.

ஆனால் என் கவலை முழுவதும் தீரவில்லை. பக்கத்தில் சோலோர் தீவில் உள்ள லாமகெராவை எண்ணிப் பாருங்கள். பெயரில் ஓரெழுத்து வேறுபாடு கொண்ட இந்த ஊர் முஸ்லிம்கள் வாழும் கடலூர். அவர்களும் எறியுளியோடு பாயும் தேர்ந்த கடலோடிகள்தான். அங்கே தலைமுறைகளாக மாண்டாத் திருக்கைகளைத் தங்கள் தேவைக்கு எறிந்துவந்தார்கள். பிறகு அந்தத் திருக்கையின் செவுள் தட்டுகளுக்குச் சீன மருந்துச் சந்தையில் விலை ஏறியது. வெளியூர் வியாபாரி வந்தார், எந்திரப் படகு வந்தது, கரையை விட்டு வெகுதூரம் போனார்கள். மாண்டாத் திருக்கை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனும் உயிர்; அந்த வேகத்தை அது எப்படித் தாங்கும்? 2014-இல் இந்தோனேசிய அரசு தன் கடல் முழுவதும் மாண்டாவுக்கு முழுப் பாதுகாப்பு அறிவித்தது. நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு வேறு மீன்பிடிக்கு மாற வேண்டிய சுமை, செவுளை வாங்கி லாபம் பார்த்தவர் மேல் விழாமல், படகில் நின்றவர் மேல்தான் விழுந்தது.

லாமலெராவிலும் மாண்டாவையும் ஓங்கில்களையும் (டால்பின்கள்) பிடிக்கிறார்கள். எனவே 'திமிங்கிலம் வேண்டுமா வேண்டாமா' என்பதை விட, பிடித்தது எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்று கேட்பதே சரியான அளவுகோல் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

கரைவாசி

இதைத்தான் நான் சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல் இருந்தேன். வூலன்டோனிக்குப் போகும் கீற்றுக்கு மேல்வரம்பு ஒன்று தானாகவே இருக்கிறது, ஏனென்றால் மலையில் விளையும் சோளம் அவ்வளவுதான். தேவைக்கு மேல் கருவாடு கொண்டுபோனால் யார் வாங்குவார்? செவுள் தட்டுக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை.

1970-களில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, நார்வேயின் திமிங்கில வேட்டை அனுபவத்தைக் கொண்டுவந்து இங்கே தொழிலை நவீனமாக்க முயன்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த முயற்சி நிலைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு வந்தவர்களே என்றாலும், கூடுதலாகப் பிடிப்பது முன்னேற்றம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்கள். பத்தாண்டுகள் கழிந்ததும் அதே உலகம் பிடிக்கவே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியது. இந்த இரண்டு குரல்களையும் ஒரே தலைமுறையில் கேட்ட ஊருக்கு, வெளியிலிருந்து வரும் அறிவுரை மேல் எப்படி நம்பிக்கை பிறக்கும்?

2009-இல் சவு கடலைத் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கும் திட்டம் வந்தபோது அவர்கள் எழுந்து எதிர்த்தார்கள். லெம்பாத்தா, சோலோர், அலோர் பக்கத்துக் கடல் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. 2014-இல் பூங்கா உறுதியானபோதும் அது வெளியேதான் இருந்தது. அந்த எதிர்ப்பைப் பாதுகாப்புக்கு எதிரான எதிர்ப்பாக நான் பார்க்கவில்லை. நீலத் திமிங்கிலம் போன்ற பெரிய வகைகளை அவர்கள் யாரும் சொல்லாமலே தொடுவதில்லை. கடலில் தத்தளித்த தங்கள் முன்னோரை அது சுமந்து கரைசேர்த்தது என்பது அவர்களுடைய நம்பிக்கை. கட்டுப்பாடு என்பது அந்த ஊருக்குப் புதிய சொல் அன்று. அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதே அவர்களுடைய கேள்வி.

பாக்நீரிணை

எந்திரம் வந்துவிட்டதா அங்கே? எங்கள் பக்கம் எந்திரம் வந்த பிறகு பாய் சுருட்டியவர்கள் திரும்ப விரிக்கவே இல்லை. அதனால் கேட்கிறேன்.

தீவுவழி

வந்துவிட்டது அண்ணா. வெளிப்புற எந்திரம் பொருத்திய சிறு படகுகளை, அந்த எந்திரத்தின் வணிகப் பெயரைக் கொண்டு 'ஜான்சன்' என்றே அழைக்கிறார்கள். இப்போது திமிங்கிலம் தெரிந்தால் ஜான்சன் பெலெடாங்கை அருகில் வரை இழுத்துப்போய் விடுகிறது. எறிவதற்கு முன் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். எந்திரத்துக்கு எரிபொருள் வேண்டும், எரிபொருளை வூலன்டோனியில் கருவாட்டுக்கு வாங்க முடியாது. ரூபியா தேவைப்படும் இடம் அங்கேதான் தொடங்குகிறது. பள்ளிக் கட்டணமும் அப்படியே. படித்த பிள்ளைகள் குப்பாங்குக்கும் ஜகார்த்தாவுக்கும் போய்விடுகிறார்கள். படகுக் கொட்டகைகளில் சில பெலெடாங்குகள் துடுப்புப் போட ஆளில்லாமல் நிற்கின்றன. ஆழ்கடல் தங்கை கவலைப்படும் எண்ணிக்கையை விட, இந்த மாற்றம்தான் அங்குள்ள முதியவர்களின் பேச்சில் அதிகம் வருகிறது.

ஆபத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதையும் சொல்கிறேன். எறியுளி பட்ட திமிங்கிலம் படகை எங்கு வேண்டுமானாலும் இழுத்துப்போகலாம், வாலால் நொறுக்கலாம், கயிறு காலில் சுற்றினால் ஆளையே ஆழத்துக்குக் கொண்டுபோகலாம். 1994 மார்ச்சில் அப்படி இழுத்துச் செல்லப்பட்ட படகுகளின் ஆட்கள் நாட்கணக்கில் கடலில் தவித்து மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் கரைசேர்த்தது வழியில் வந்த சுற்றுலாக் கப்பல்.

அந்த ஊர் கத்தோலிக்க ஊர். 1886-இல் மறைபரப்பாளர்கள் முதலில் வந்தார்கள். பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாலையில், ஏப்ரல் 30 அன்று, கடலில் மாண்டவர்களுக்காகக் கடற்கரையில் திருப்பலி நடக்கிறது. இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். இருட்டிய பிறகு சின்னச் சின்ன மெழுகுவத்திகளை நீரில் விடுகிறார்கள். அலை அவற்றைச் சற்றே வெளியே கொண்டுபோகிறது. மறுநாள் மே 1-இல் படகுகளுக்கு ஆசி. நீர் தெளித்த பிறகு முதலில் கடலில் இறங்குவதற்கென்று ஒரு படகு இருக்கிறது. அது போன பின்தான் மற்றவை. அந்த மெழுகுவத்திகளைப் பார்த்த பிறகு, 'இது வெறும் விளையாட்டு வேட்டை' என்று சொல்லும் எவரோடும் என்னால் பொறுமையாகப் பேச முடிவதில்லை.

ஆழ்கடல்

அண்ணா, கடைசியாக ஒன்று. இத்தனை வாதங்களிலும் கடலோரத்தார் பேசுகிறார்கள், பாதுகாப்பாளர்கள் பேசுகிறார்கள், அரசு பேசுகிறது. சோளம் கொண்டுவரும் மலையூர்ப் பெண்கள் எங்கேயும் பேசுவதாக நான் படித்ததில்லை. அவர்களிடம் நீங்கள் ஏதாவது கேட்டீர்களா?

தீவுவழி

மொழி தெரியாததால் கேட்க முடியவில்லை, தங்கையே. அன்று சந்தை கலைந்தபோது அந்தப் பெண்ணின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். உப்பையும் சுண்ணாம்பையும் கூடையின் அடியில் வைத்து, வெற்றிலையில் மீந்ததை அதன் மேல் பரப்பி, கருவாட்டுக் கீற்றுகளை மட்டும் வாழையிலையில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தார். கூட வந்த சிறுமி இலையின் ஓரத்தை விலக்கி ஒரு நூல் இறைச்சியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். தாய் அதட்டவில்லை, இலையை மறுபடி மூடிவிட்டுக் கூடையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறிப் போனார்.